பிறந்த குழந்தைகளில் பிறபொருளெதிரிச் சோதனை

பிறந்த குழந்தைகளில் பிறபொருளெதிரிச் சோதனை என்பது, கருவிலிருந்தபோதோ பிறக்கும்போதோ தாயிடமிருந்து குழந்தைக்கு வைரசுத் தொற்று ஏற்பட்டுள்ளதா என்பதை அறிவதற்காக, குழந்தையின் குருதியில் அவ்வைரசுக்கு எதிரான பிறபொருளெதிரிகளைத் தேடும் ஆய்வுகூடச் சோதனை ஆகும். ரூபெல்லா, எச்.ஐ.வி, சைட்டோமெகலோ வைரசு முதலிய தீநுண்மங்களின் தொற்றை அறிய இது பயன்படுத்தப்படுகிறது. வளர்ந்தவர்களில் மிகவும் நம்பகமானதாகக் கருதப்படும் இச்சோதனை, ஏறத்தாழ ஒன்றரை வயது வரையுள்ள குழந்தைகளில் அதே நம்பகத்தன்மையைக் கொண்டிருப்பதில்லை. குழந்தையின் குருதியில் காணப்படும் பிறபொருளெதிரி குழந்தையே உருவாக்கியதா, தாய் கொடுத்ததா என்பதைச் சோதனைக் கருவி பிரித்தறியாது. இதனால் தொற்றில்லாத குழந்தை நோயாளி எனக் கருதப்படவும், தொற்றுள்ள குழந்தை கவனிக்கப்படாமல் விடப்படவும் வாய்ப்புண்டு.

தாயிடமிருந்து வரும் ஐ.ஜி.ஜி

மனிதக் குருதியில் உள்ள பிறபொருளெதிரி வகைகளுள் ஐ.ஜி.ஜி எனப்படும் வகை மட்டுமே சூல்வித்தகத்தைக் கடந்து கருவை அடைகிறது. இது தானாகக் கசிந்து செல்வதில்லை. சூல்வித்தகத்தின் உயிரணுக்களில் உள்ள சிறப்பு ஏற்பிகள் இதைப் பற்றி எடுத்து, கருவின் குருதியில் சேர்க்கின்றன. கருக்காலத்தின் கடைசி மூன்று மாதங்களில் இப்பரிமாற்றம் மிகுதியாக நிகழ்கிறது. நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் ஐ.ஜி.ஜி அளவு தாயினுடையதைவிடச் சற்றுக் கூடுதலாகவும் இருப்பதுண்டு. குறைமாதக் குழந்தைகளில் இது குறைவாக இருக்கும்.

பிறந்த முதல் மாதங்களில் குழந்தையைப் பல நோய்களிலிருந்து காப்பது இந்தத் தாய்வழி ஐ.ஜி.ஜி தான். ஆனால் தாய்க்கு எந்தெந்த வைரசுகளுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் உள்ளனவோ, அவையனைத்தும் குழந்தையின் குருதியிலும் காணப்படும். தாய் சிறுவயதில் நோயுற்றுக் குணமடைந்திருந்தாலும், தடுப்பூசி பெற்றிருந்தாலும் இது பொருந்தும். எனவே பிறந்த குழந்தையின் ஐ.ஜி.ஜி நேர்முடிவு உண்மையில் தாயின் வரலாற்றையே கூறுகிறது.

தாய்வழி ஐ.ஜி.ஜி ஏறத்தாழ மூன்று முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. அரை வாழ்வுக்காலம் 25 நாட்கள் எனக் கொண்டால், ஆறு மாதங்களில் அது ஏழு முறை பாதியாகி, தொடக்க அளவில் நூறில் ஒரு பங்கிற்கும் கீழே செல்லும். தொடக்க அளவு மிதமாக இருந்தால் அதற்குள் சோதனைக்கு அகப்படாத நிலையை எட்டிவிடும். எச்.ஐ.வி தொற்றுள்ள தாயைப் போலத் தொடக்க அளவு மிக அதிகமாக இருந்து, சோதனையும் மிக நுண்ணியதாக இருந்தால், ஓராண்டுக்குப் பின்னரும் நேர்முடிவு கிடைக்கலாம். வைரசுக்கு வைரசு காத்திருக்க வேண்டிய காலம் மாறுபடுவதற்குக் காரணம் இதுவே.

இதற்கு மறுபக்கமும் உண்டு. குழந்தையின் குருதியில் ஒரு வைரசுக்கு எதிரான ஐ.ஜி.ஜி சிறிதும் இல்லையெனில், தாய்க்கு அத்தொற்று ஏற்பட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆகவே குழந்தைக்கும் குறைவு. பிரசவத்திற்குச் சற்று முன்னர் ஏற்பட்ட புதிய தொற்று இதற்கு விலக்காகும். இளங்குழந்தைகளில் இச்சோதனையின் 'இல்லை' என்னும் விடை, 'உண்டு' என்னும் விடையைவிடப் பயனுள்ளது.

ஐ.ஜி.எம்மும் அதன் சிக்கல்களும்

ஐ.ஜி.எம் என்பது ஐந்து அலகுகள் இணைந்த பெரிய மூலக்கூறு ஆகும். இதைச் சூல்வித்தகத்தின் ஏற்பிகள் எடுத்துச் செல்வதில்லை. கருவோ தன் இருபதாம் வாரமளவில் தானே ஐ.ஜி.எம்மை உருவாக்கும் திறனைப் பெறுகிறது. ஆகவே குழந்தையின் குருதியில் ஒரு வைரசுக்கு எதிரான ஐ.ஜி.எம் இருந்தால் அது குழந்தையுடையது, தொற்றும் குழந்தையுடையது என்பது கொள்கை.

நடைமுறையில் இது அவ்வளவு எளிதாக அமைவதில்லை. பிறந்தவுடன் தொப்புள்கொடியிலிருந்து எடுக்கப்படும் குருதியில் தாயின் குருதி சிறிதளவு கலந்தாலும், தாயின் ஐ.ஜி.எம் குழந்தையுடையது போலத் தோன்றும். இதனால் குழந்தையின் சிரையிலிருந்து எடுக்கப்படும் குருதியே விரும்பப்படுகிறது. மற்றொரு சிக்கல் நுட்பமானது. சில குழந்தைகள் தாயிடமிருந்து வந்த ஐ.ஜி.ஜிக்கு எதிராகவே ஐ.ஜி.எம்மை உருவாக்குகின்றன. பழைய மறைமுக எலிசா முறையில், சோதனைக் குழியில் ஒட்டப்பட்டுள்ள வைரசுப் புரதத்தின் மீது முதலில் தாயின் ஐ.ஜி.ஜி ஒட்டுகிறது. அதன்மீது இந்த ஐ.ஜி.எம் ஏறி ஒட்டிக்கொள்ள, வைரசுக்கு எதிரான ஐ.ஜி.எம் இருப்பதாகப் போலி நேர்முடிவு கிடைக்கிறது. தாயின் ஐ.ஜி.ஜி மிகுந்து வைரசுப் புரதத்தை முழுவதும் மறைத்துவிட்டால், குழந்தையின் உண்மையான ஐ.ஜி.எம் ஒட்ட இடமின்றிப் போலி எதிர்முடிவும் கிடைக்கலாம். மாதிரியிலுள்ள ஐ.ஜி.எம்மை முதலில் குழியில் பிடித்து நிறுத்தி, பின்னரே வைரசுப் புரதத்தைச் சேர்க்கும் 'ஐ.ஜி.எம் பிடிப்பு எலிசா' முறை இவ்விரு பிழைகளையும் பெருமளவு குறைத்தது. எனவே எந்த முறையில் சோதிக்கப்பட்டது என்பது தெரியாமல் ஐ.ஜி.எம் முடிவை மதிப்பிடுவது கடினம்.

எச்.ஐ.வி: தாம்பரமும் பதினெட்டு மாதங்களும்

இந்தியாவில் எச்.ஐ.வி தொற்று முதன்முதலாகச் சென்னையில் 1986 ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் செல்லப்பன் நிர்மலா திரட்டிய குருதி மாதிரிகள், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் எலிசா முறையில் சோதிக்கப்பட்டன. அதாவது, அக்கண்டுபிடிப்பே பிறபொருளெதிரிச் சோதனையால் நிகழ்ந்தது. சென்னையின் தென்புறத்தில், காசநோயாளர்களுக்காக 1928 இல் சௌரி முத்து தொடங்கிய தாம்பரம் சானடோரியம், 1990களில் எச்.ஐ.வி நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கி, நாட்டின் பெரிய எச்.ஐ.வி சிகிச்சை மையங்களுள் ஒன்றாக வளர்ந்தது. 2004 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசு இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியபோது, அது முதலில் வழங்கப்பட்ட மருத்துவமனைகளுள் தாம்பரமும் ஒன்று.

இத்தகைய மையங்களுக்கு வந்த தாய்மார்களின் முதல் கேள்வி, குழந்தைக்கு நோய் வந்துவிட்டதா என்பதாகவே இருக்கும். வளர்ந்தவர்களில் மிகத் துல்லியமான அதே சோதனையால் இக்கேள்விக்கு விடையளிக்க இயலாது. எச்.ஐ.வி தொற்றுள்ள தாய்க்குப் பிறக்கும் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளும் பிறந்தவுடன் இச்சோதனையில் நேர்முடிவைக் காட்டும். எந்தத் தடுப்பு நடவடிக்கையும் இல்லாதபோது, தாய்ப்பால் வழி பரவுவதையும் சேர்த்து, 15 முதல் 45 விழுக்காடு குழந்தைகளுக்கே தொற்று ஏற்படுகிறது என்பது உலக சுகாதார அமைப்பின் மதிப்பீடு. அதன்படி, நேர்முடிவு பெற்ற நூறு குழந்தைகளில் குறைந்தது 55 பேர், கூடினால் 85 பேர், தொற்றில்லாதவர்கள். முறையான சிகிச்சை பெற்ற தாய்மார்களின் குழந்தைகளில் தொற்று 5 விழுக்காட்டிற்கும் குறைவாக இருக்கும் என்பதால், அங்கே நேர்முடிவு ஏறத்தாழப் பொருளற்றதாகிறது.

தொற்றில்லாத குழந்தைகளில் தாயின் பிறபொருளெதிரிகள் படிப்படியாக மறைகின்றன. பெரும்பாலோரில் இது ஓராண்டையொட்டியும், ஏறத்தாழ அனைவரிலும் 18 மாதங்களுக்குள்ளும் நிகழ்கிறது. ஆகவே 18 மாதங்களுக்குப் பின்னர் எடுக்கப்படும் பிறபொருளெதிரிச் சோதனையே உறுதியானதாக ஏற்கப்பட்டது. எனினும் காத்திருப்பது தீங்கற்ற செயலன்று. தொற்றுள்ள குழந்தைகள் சிகிச்சையின்றி விடப்பட்டால், அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இரண்டாம் பிறந்தநாளுக்கு முன் இறக்கின்றனர். உறுதியான விடை கிடைக்கும் வயதை அடையும் முன்பே பல குழந்தைகள் இறந்துவிடுவர் என்பதே இதன் பொருள். தென்னாப்பிரிக்காவில் நடத்தப்பட்டு 2008 இல் வெளியான ஆய்வு ஒன்று, தொற்றுள்ள குழந்தைகளுக்கு முதல் மூன்று மாதங்களுக்குள் சிகிச்சை தொடங்கினால் இறப்பு நான்கில் மூன்று பங்கு குறைவதைக் காட்டியது. நோயறிதல் பற்றிய கொள்கை இதன் பின்னர் உலகெங்கும் மாறியது.

தேசிய எய்ட்சு கட்டுப்பாட்டு நிறுவனம் 2010 இல் குழந்தைகளுக்கான முன்கூட்டிய நோயறிதல் திட்டத்தைத் தொடங்கியது. இதில் பிறபொருளெதிரிக்குப் பதிலாக, வைரசின் மரபணுப்பொருளே பாலிமரேசு தொடர்வினை, அதாவது பி.சி.ஆர் முறையில் தேடப்படுகிறது. குழந்தைக்கு ஆறு வாரமாகும்போது குதிகாலில் குத்தி எடுக்கப்படும் சில துளிக் குருதி, வடிதாளில் வட்டங்களாக இடப்பட்டு உலர்த்தப்படுகிறது. உலர்ந்த தாளைக் குளிர்பெட்டியின்றி அனுப்பலாம் என்பது இதன் பெரும் நன்மை. கோவளம், கேளம்பாக்கம் போன்ற கடலோர ஊர்களின் குழந்தைக்கும், மலைக்கிராமத்துக் குழந்தைக்கும், மாதிரி ஆய்வகத்தைச் சென்றடைந்தால் போதும். குழந்தை அங்கு செல்லத் தேவையில்லை. ஆறு வாரம் என்பதற்கும் காரணம் உண்டு. பிரசவத்தின்போது தொற்றிய வைரசு முதல் நாளில் குருதியில் தென்படுவது அரிது. நான்கு முதல் ஆறு வாரங்களில் அது பி.சி.ஆருக்கு அகப்படும் அளவை எட்டிவிடுகிறது.

இத்திட்டத்திலும் பிறபொருளெதிரிச் சோதனை கைவிடப்படவில்லை. ஆறு மாதங்களுக்குப் பின்னர் முதன்முதலாக நம்பிக்கை மையத்திற்குக் கொண்டுவரப்படும் குழந்தைக்கு முதலில் அச்சோதனையே செய்யப்பட்டு, நேர்முடிவு வந்தால் மட்டும் பி.சி.ஆருக்கு அனுப்பப்படுகிறது. இங்கு பயன்படுவது மேலே கூறப்பட்ட 'இல்லை' என்னும் விடையின் வலிமை. தாய்ப்பால் தொடரும்வரை எந்த எதிர்முடிவும் தற்காலிகமானதே. பால் நிறுத்தி ஆறு வாரங்கள் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். முந்தைய முடிவுகள் எவ்வாறு இருப்பினும், 18 மாதத்தில் இறுதிப் பிறபொருளெதிரிச் சோதனை செய்யப்படுகிறது. மிக இளம் வயதிலேயே சிகிச்சை தொடங்கப்பட்ட தொற்றுள்ள குழந்தைகள் சிலரில், சொந்தப் பிறபொருளெதிரிகள் உருவாகாமலே போவதால் இவ்விறுதிச் சோதனை எதிர்முடிவைக் காட்டக்கூடும். அதை நோய் நீங்கியதாகக் கருதி மருந்தை நிறுத்துதல் கூடாது.

ரூபெல்லா: கண் மருத்துவமனையில் தொடங்கிய தேடல்

சிட்னி நகரின் கண் மருத்துவர் நார்மன் கிரெக், கருவுற்ற காலத்தில் ரூபெல்லா கண்ட தாய்மார்களின் குழந்தைகளுக்குப் பிறவிக் கண்புரை ஏற்படுவதை 1941 இல் அறிவித்தார். பிறவி ரூபெல்லா நோய்க்கூட்டறிகுறி எனப்படும் இந்நிலையில் கண்புரை, இதயக் குறைபாடு, செவிட்டுத்தன்மை ஆகிய மூன்றும் முதன்மையானவை. கருக்காலத்தின் முதல் பன்னிரண்டு வாரங்களில் தாய்க்குத் தொற்று ஏற்பட்டால் பெரும்பாலான கருக்கள் பாதிக்கப்படுகின்றன. இருபது வாரங்களுக்குப் பின் பாதிப்பு அரிது.

தென்னிந்தியாவிலும் இந்நோயின் தடம் கண் மருத்துவமனையிலேயே தெளிவாகப் புலப்பட்டது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கண்புரையுடன் வந்த கைக்குழந்தைகளின் உமிழ்நீரில் ரூபெல்லாவுக்கு எதிரான ஐ.ஜி.எம் தேடப்பட்டது. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக் குழந்தைகளில் அது காணப்பட்டதாக 1996 இல் வெளியான ஆய்வு தெரிவிக்கிறது. ஊசியின்றி, பஞ்சுக்குச்சியால் ஈறோரத்தைத் துடைத்து எடுக்கும் உமிழ்நீரே இதற்குப் போதுமானதாக இருந்தது. சென்னை சங்கர நேத்ராலயாவின் ஆய்வாளர்கள் மற்றொரு வழியை மேற்கொண்டனர். அறுவையில் அகற்றப்பட்ட கண்வில்லைப் பொருளிலேயே வைரசைத் தேடிய அவர்களது ஆய்வு 2001 இல் வெளியானது.

ரூபெல்லாவுக்கான ஐ.ஜி.எம் சோதனையின் துல்லியம் குழந்தையின் வயதைப் பொறுத்தது. பாதிக்கப்பட்ட குழந்தைகளில் முதல் சில மாதங்களில் ஏறத்தாழ அனைவரிடமும் இது காணப்படும். ஆனால் முதல் மாதத்திற்குள் சோதித்தால் ஐந்தில் ஒருவரிடம் அகப்படாமல் போகலாம் என்பதால், ஐயமுள்ள குழந்தைக்கு ஒரு மாதம் கழித்து மீண்டும் சோதிக்கப்படுகிறது. ஆறு மாதம் முதல் ஓராண்டு வரையிலான வயதில் இது ஏறத்தாழ 60 விழுக்காட்டினரிடமே காணப்படும். ஒன்றரை வயதுக்குப் பின் அரிது. கண்ணில் வெள்ளை தெரிவதைப் பெற்றோர் காலந்தாழ்த்தி உணர்ந்து, எட்டாம் மாதத்தில் மருத்துவமனைக்கு வந்தால், எதிர்முடிவு நோயின்மையைக் காட்டாது.

அந்த வயதில் ஐ.ஜி.ஜி மீண்டும் உதவிக்கு வருகிறது. தாய்வழி ரூபெல்லா ஐ.ஜி.ஜி மாதந்தோறும் ஏறத்தாழப் பாதியாகக் குறைய வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் இரு முறை சோதித்து, அளவு குறையாமல் நிலைத்திருந்தால், அது குழந்தையின் சொந்த உற்பத்தி என முடிவு செய்யலாம். உலக சுகாதார அமைப்பின் வரையறையும் இதனை ஏற்கிறது. இந்தியாவில் இதற்கு ஒரு புதிய தடையும் தோன்றியுள்ளது. தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு, புதுச்சேரி, கருநாடகம், கோவா, இலட்சத்தீவு ஆகிய பகுதிகளில் தொடங்கப்பட்டது. அதைத் தொடர்ந்து இத்தடுப்பூசி ஒன்பது மாதம் நிறைந்த குழந்தைகளுக்கு வழக்கமாகவே வழங்கப்படுகிறது. தடுப்பூசி பெற்ற குழந்தையின் ஐ.ஜி.ஜி எவ்வகையிலும் பிறவித் தொற்றைக் காட்டாது. எனவே இரண்டு மாதிரிகளையும் ஆறு முதல் ஒன்பது மாதங்களுக்கு இடையிலான குறுகிய காலத்தில் பெறுவதே தெளிவான வழி.

இதில் ஏற்படும் பிழை ஒரு குழந்தையோடு நிற்பதில்லை. பிறவித் தொற்றுள்ள குழந்தைகள் ஓராண்டு வரையிலும்கூடத் தொண்டைச் சுரப்பிலும் சிறுநீரிலும் வைரசை வெளியேற்றக்கூடும். தவறான எதிர்முடிவை நம்பிப் பொது அறையில் வைக்கப்படும் குழந்தையால், தடுப்பாற்றல் இல்லாத கருவுற்ற செவிலியருக்கோ உறவுப் பெண்ணுக்கோ தொற்று ஏற்படலாம்.

ஒரே சோதனை, இரு வேறு பொருள்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சென்னைத் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் ஒருங்கிணைக்க, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி உள்ளிட்ட ஐந்து மருத்துவமனைகளில் 2016 டிசம்பரில் பிறவி ரூபெல்லா கண்காணிப்புத் தொடங்கியது. 2017 சூலை வரையிலான காலத்தில் ஐயத்திற்குரிய 207 நோயாளிகளில் 72 பேருக்கு, அதாவது மூன்றில் ஒருவருக்குச் சற்று மேல், நோய் ஆய்வகத்தில் உறுதியானது. அறிகுறி உள்ளவர்களை மட்டும் தேர்ந்து சோதித்ததால் கிடைத்த விகிதம் இது. இதன் முக்கியத்துவத்தை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம்.

தொற்றுள்ளவர்களில் 95 விழுக்காட்டினரைக் கண்டுபிடிக்கும், தொற்றில்லாதவர்களில் 98 விழுக்காட்டினரைச் சரியாக விலக்கும் ஒரு சோதனையைக் கொள்வோம். கண்புரையுள்ள 100 குழந்தைகளில் 25 பேருக்குத் தொற்று இருப்பின், ஏறத்தாழ 24 பேர் சரியாக நேர்முடிவு பெறுவர்; போலி நேர்முடிவு ஒன்று அல்லது இரண்டு மட்டுமே. அதே சோதனையை அறிகுறி ஏதுமற்ற 10,000 குழந்தைகளிடம் செய்து, அவர்களில் 10 பேருக்கே தொற்று இருப்பின், உண்மையான நேர்முடிவு 9 அல்லது 10, போலி நேர்முடிவு 200. சோதனை மாறவில்லை, முன்னதில் நேர்முடிவை நம்பலாம், பின்னதில் இருபதில் ஒன்றே உண்மை. தடுப்பூசியால் ரூபெல்லா அருகி வரும்போது, கண் மருத்துவமனையின் நிலையும் மெல்ல இரண்டாவது கணக்கை நோக்கி நகரும்.

டார்ச் தொகுப்புச் சோதனை

ஆன்ட்ரே நாமியாசும் உடன் ஆய்வாளர்களும் 1971 இல் டாக்சோபிளாசுமா, ரூபெல்லா, சைட்டோமெகலோ வைரசு, எர்ப்பீசு ஆகியவற்றை ஒன்றுசேர்த்து 'டார்ச்' என்னும் சுருக்கப்பெயரை உருவாக்கினர். இவற்றுள் முதலாவது வைரசு அன்று, ஒட்டுண்ணி. ஒத்த அறிகுறிகளைத் தரும் நோய்களை மருத்துவர் ஒருங்கே நினைவில் கொள்ள உதவிய இப்பெயர், பின்னர் ஆய்வகங்கள் ஒரே விலையில் வழங்கும் தொகுப்புச் சோதனையின் பெயராயிற்று. அறிகுறியைக் கருதாமல் எட்டு அல்லது பத்துச் சோதனைகளை ஒன்றாகச் செய்தால், அவற்றுள் ஏதேனும் ஒன்றில் போலி நேர்முடிவு வருவதற்கான வாய்ப்பு கூடுகிறது. எந்த நோய் என ஐயப்படுகிறோமோ அதற்குரிய சோதனையை மட்டும் கேட்பதே பொருத்தமானது.

இத்தொகுப்பில் மிகவும் பலவீனமான பகுதி சைட்டோமெகலோ வைரசுக்கானது. பிறவித் தொற்றுகளுள் மிகப் பரவலானது இதுவே. பிறவிச் செவிட்டுத்தன்மையின் முக்கியக் காரணங்களுள் ஒன்றும் ஆகும். இந்தியத் தாய்மார்களில் மிகப் பெரும்பாலோர் இளவயதிலேயே இத்தொற்றைப் பெற்றிருப்பதால், குழந்தையின் ஐ.ஜி.ஜி நேர்முடிவு எதையும் தெரிவிப்பதில்லை. ஐ.ஜி.எம்மோ தொற்றுள்ள குழந்தைகள் பலரைத் தவறவிடுகிறது. ஆகவே பிறந்து 21 நாட்களுக்குள் எடுக்கப்படும் சிறுநீர் அல்லது உமிழ்நீரில் பி.சி.ஆர் சோதனை செய்யப்படுகிறது. அந்நாட்களைக் கடந்தால், தாய்ப்பால் வழியாகப் பின்னர் பெற்ற பெரும்பாலும் தீங்கற்ற தொற்றையும் பிறவித் தொற்றையும் பிரித்தறிய முடியாது. தாய்ப்பாலில் உள்ள வைரசு உமிழ்நீரில் கலந்திருக்கலாம் என்பதால், உமிழ்நீர் நேர்முடிவு சிறுநீரைக் கொண்டு உறுதி செய்யப்படுகிறது.

பிற வைரசுகள்

கல்லீரல் அழற்சி பி தொற்றுள்ள தாயின் குழந்தையில் வைரசின் உட்கருப் புரதத்திற்கு எதிரான பிறபொருளெதிரி இரண்டு ஆண்டுகள் வரை நீடிக்கலாம். எனவே அதைத் தவிர்த்து, வைரசின் மேற்பரப்புப் புரதமே 9 முதல் 12 மாத வயதில் தேடப்படுகிறது. சிக்கா வைரசின் சிக்கல் வேறு வகையானது. இதற்கு எதிரான பிறபொருளெதிரிகளும் டெங்குவுக்கு எதிரானவையும் ஒன்றுக்கொன்று குறுக்குவினை புரிவதால், டெங்கு பரவலாக உள்ள தமிழ்நாடு போன்ற இடங்களில் நேர்முடிவைப் பொருள்கொள்வது கடினம்.

கோவிட்-19 பரவலின் தொடக்கத்திலும் இதே ஐயம் எழுந்தது. நோயுற்ற தாய்மார்களுக்குப் பிறந்த மூன்று குழந்தைகளின் குருதியில் ஐ.ஜி.எம் காணப்பட்டதாக, சீனாவின் ஊகான் நகரிலிருந்து இரு ஆய்வுக்குறிப்புகள் 2020 மார்ச்சில் வெளியாயின. அக்குழந்தைகளின் தொண்டை, மூக்கு மாதிரிகளில் வைரசு அகப்படவில்லை. ஐ.ஜி.எம் சோதனைகளில் போலி நேர்முடிவு வழக்கமானது என்பதைச் சுட்டி, இதனைக் கருவில் நிகழ்ந்த தொற்றுக்குச் சான்றாகக் கொள்ள இயலாது என அதே இதழின் தலையங்கம் எச்சரித்தது. அவ்வாண்டு சூலையில் பாரிசிலிருந்து வெளியான ஆய்வு பனிக்குட நீர், சூல்வித்தகம், குழந்தையின் குருதி ஆகியவற்றில் வைரசின் மரபணுப்பொருளையே நேரடியாகக் கண்டறிந்து, அத்தகைய தொற்று அரிதாக நிகழக்கூடும் என்பதைக் காட்டியது.